ஏலத்தில் எடுத்த வாழைத்தார்

1

இந்தக் கதை எனக்கு ஓர் இ.சி.ஜி. தாளில் கிடைத்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட ஒருவருடைய தாள். பணிவாகக் கிடக்க வேண்டிய அலைகள் கூடாரம் கூடாரமாக எழும்பி நின்றன. உற்சாகமாகத் தொடங்கினேன்:

கடிகாரம் பழுதுபார்க்கும் எட்மண்டின் இதயம் ஒருநாள்...

(இதயத்துக்குக் கடிகாரமா? வெட்கமாகப் போய்விட்டது. அடித்துவிட்டேன்.)

2

எட்மண்ட் சனத்நகர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு போலாரத்தில். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சனிக்குப் பிறகு இடைவெளி ஒருநாள் கூடுதல். அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும். ஆகவே வாழைப்பழம்* கூடாது. கொல்லையில் தார் பழுக்கத் தொடங்கியதும் மனைவி லோயிஸ் அதைச் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அனுப்பிவிட்டாள்.

* பழத்தை வில்லனாக்கியதற்கு மன்னிக்கவும். இளநீரும் அதே கட்சிதான்.

3

ஞாயிறு ஏலத்தில் பக்கத்து வீட்டு ஜகதீசன் அந்தத் தாரைக் கேட்டார். தான் நட்டு வளர்த்தது ஜகதீசன் வீட்டுக்கா? எட்மண்டின் கை தானாக உயர்ந்தது.

"நக்கோங்க! கைக்கு உங்களுக்கு?" வேண்டாம், உங்களுக்கு எதற்கு என்று ஊர் உருது கலந்து லோயிஸ் தடுத்தாள்.

"தங்கச்சி ஆனிக்குக் குடுக்கத்தான் லோயிஸ்."

கொடுத்தார். போகும் வழியில் நான்கு பழம் குறைந்தது. (ஒன்று என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினார். மறுத்தேன். லோயிஸிடம் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன்.)

4

திங்கள் காலை கால்கள் துவண்டன. நெஞ்சு இரண்டு முறை அடித்து ஒன்றை விட்டது. அவசரப் பிரிவில் டாக்டர் ரோகிணி தாளைப் பார்த்ததும் கால்சியம் ஊசி போட்டார், டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்தார், அப்புறம் கேட்டார்.

"என்ன சாப்பிட்டீங்க அங்கிள்? காரணம் தெரியாட்டி மறுபடி வரும். அப்ப நமக்கு நேரம் இருக்காது."

"ஒண்ணுமில்ல டாக்டர். வீட்டுச் சாப்பாடுதான்."

லோயிஸின் முகம் வெளுத்தது.

"பொட்டாசியம் போகட்டும்னு உருளைக்கிழங்க ரெண்டு தண்ணி மாத்தித்தான் வேகவச்சேன். இன்னொரு தடவ மாத்தியிருக்கணும். என் தப்புதான் டாக்டர்."

5

ஒரு முடிவில் எட்மண்ட் ஒப்புக்கொள்கிறார். அவரை அறிந்த நானே அதை நம்பவில்லை. இன்னொன்றில் அடுத்த ஞாயிறு அவர் இதயம்... மாட்டேன். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அலைகள் தணிகின்றன. எட்மண்ட் கூரையைப் பார்க்கிறார். லோயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன தண்ணி மாத்தணும் டாக்டர்?" என்று கேட்கிறாள்.

நான் வாக்குக் கொடுத்தவன். நீங்கள் கொடுக்கவில்லை. எத்தனை பழம் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள்.