வயதுக்கு ஒன்று, கூட ஒன்று

1

இந்தக் கதை கோயில் ஆண்டு மலருக்காகத் தொடங்கியது. "சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்கம்மா. போன வருசம் உங்க கதையப் படிச்சிட்டு ரெண்டு பேரு அழுதுட்டாங்க" என்றார் செயலாளர். இன்று என் தம்பி சிவராஜ் மீன்பிடிக்கப் போனான். அவன் போனால் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. அதையே எழுதிவிடலாம் என்று ரங்கூனில் எங்கள் தாமுவே பேட்டை வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன்.

அவன் போனது என் கணவருக்காக. குழந்தைவேலுவுக்கு நாளைக் காலை இதய ஆபரேஷன். பல நாளாகக் கஞ்சியைத் தவிர எதையும் தொடாதவர், நேற்றுத் திடீரென்று கெளுத்திக் குழம்பு கேட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டால் சரி என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

2

"பசுந்தாங் ஓடையின்மேல் விடியல் தன் பொற்கரங்களை

(அடித்துவிட்டேன். அங்கே விடிந்தால் தெரிவது டீசல் படலம்.)

"சிவராஜும் அவன் கூட்டாளி ஜாபிரும் ஏறியதும் வாடகைச் சம்பான் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சிவராஜ் பக்கம்."

இது இருக்கட்டும். நான் படகில் இல்லை, ஆகவே வருவதில் பாதி என் கைச்சரக்கு.

"தூண்டில்ல என்னடா கோத்திருக்க?" என்று மூக்கைப் பொத்தினான் ஜாபிர்.

"கோழிக்குடல். முந்தாநாளு வாங்குனதுல மிச்சம். நாறுனாத்தான் கெளுத்தி வரும்."

"அது வருமோ என்னமோ, நா போயிருவேன் போலிருக்கு."

ஓடை ஆற்றோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டையில் கயிற்றைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் கடிக்கவில்லை. ஜாபிர் முகத்தில் லுங்கியைப் போட்டுத் தூங்கினான். சிவராஜ் தூங்கவில்லை என்று எழுதுகிறேன். (எங்கே படுத்தாலும் குறட்டை விடுகிறவன் அவன். இன்றைக்கு விட்டிருக்க மாட்டான்.)

"மச்சான் வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். வெறுங்கையோட எப்டிப் போவேன்?"

இதை அவன் சொன்னானா, தெரியாது. சொல்லக்கூடியவன்.

3

இனி வருவது கற்பனை இல்லை. சற்றுமுன் சிவராஜ் வாளியோடு வந்தான்.

"காலைலேர்ந்து ஒண்ணுமேயில்லக்கா. தண்ணி வத்த ஆரம்பிச்சப்பறம் இவரு வந்தாரு. ஒரே இழுப்பு, தூண்டில அப்படியே முழுங்கிட்டாரு."

வாளியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். உள்ளே கெளுத்தி உயிரோடு இருந்தது. அதன் மீசை நுனிகள் தேய்ந்து மொட்டையாக இருந்தன.

கதைக்குள் வராமல் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது சொல்லியாக வேண்டும். காலையில் நானும் அதே ஓடைக்குப் போனேன், மீன் விட. இந்த ஊர் வழக்கம் அது. நோயாளியின் வயதுக்கு ஒரு மீன் வீதம் வாங்கித் தண்ணீரில் விட்டால் ஆயுசு கெட்டி என்பார்கள். "கூட ஒண்ணு விடு, அது வரப்போற வருசத்துக்கு" என்றார் பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா டோ மியா. கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறும்போது விடு, மீன் ஓடையின் மேல்பக்கம் போய்விடும் என்றும் சொன்னார். ஆனால் தண்ணீர் ஏறிய நேரம் ராகு காலம். அது கழியட்டும் என்று சந்தையிலேயே நின்றேன். கழிந்தபோது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. விட்ட மீன்களெல்லாம் ஆற்றுப் பக்கமாகவே போயின, சிவராஜ் இருந்த பக்கமாக.*

* சிவராஜுக்கு இது தெரியாது. அவருக்கும் சொல்லவில்லை, சொன்னால் கேலி செய்வார். வயதையும் இங்கே எழுத மாட்டேன், அதுவும் அவருக்குப் பிடிக்காது.

நான் வாங்கி விட்டதும் கெளுத்திகள்தான், அவற்றுக்கும் மீசை மொட்டை; விற்ற பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்டிருந்தேன். சிமெண்டுத் தொட்டியில் உரசி உரசித் தேய்ந்துவிடுமாம். ரங்கூனில் தினமும் எத்தனையோ பேர் தொட்டி மீன் வாங்கி விடுகிறார்கள். இது வேறு யாரோ விட்டதாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்று நான்கு முறை எழுதிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

என்னுடையதுதான் என்றால், இது அவருடைய எந்த வயது? பெண் பார்க்க வந்து வாயே திறக்காமல் மூன்று டீ குடித்துவிட்டுப் போன வயதா? வேலை போன வயதா? அந்த வருடம் என்றால் குழம்பில் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் 'கூட ஒன்று' என்றால்? எனக்குப் பயமாக இருக்கிறது.

4

முடிவு அ: மறுபடி ஓடையில் விடுகிறேன். அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஆசைப்பட்டது கிடைக்காமல் ஆபரேஷனுக்குப் போகிறார். நாளை ஏதாவது ஆனால், கடைசியாகக் கேட்டதை

(இதை முடிக்க மாட்டேன்.)

முடிவு ஆ: குழம்பு வைக்கிறேன். இரண்டாம் முறையும் சோறு கேட்டுச் சாப்பிடுகிறார். நாளை ஏதாவது ஆனால், வரப்போகிற வருடத்தைக் கையால் அறுத்தவள் நான்.

முடிவு இ: அவரிடமே கேட்கிறேன். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பார்.

ஆபரேஷன் முடிந்தபின் எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்போது எந்த முடிவும் சரியாகப் பொருந்திவிடும். அது ஏமாற்று.

5

கட்டிலிலிருந்து அவர் என்னைக் கூப்பிடும் குரல் வருகிறது.

"தமிழு, புளி கரைச்சாச்சா?"

"கரைச்சாச்சுங்க."

"நிறைய ஊத்து. நாளைக்கு எவன் குடுப்பான்?"

புளி கரைத்தது உண்மை. மீன் உயிரோடு இருப்பதும் உண்மை. கெளுத்தி வழுக்கும், முள்ளாலும் குத்தும். அறுப்பதானாலும் தூக்கிக்கொண்டு ஓடுவதானாலும் இரண்டு கையும் வேண்டும்.

பேனாவை வைக்கிறேன்.