குடைத் தாள் யாருக்கு

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். வரவேற்பு மேஜைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், டாக்டர். பக்கத்தில் முக்காலியில் அவர் மனைவி. சுவரோர இரும்பு நாற்காலி வரிசையில், மீன் தொட்டியை ஒட்டி, மருந்துக்கடைக்காரர். இரண்டு நாற்காலி தள்ளி, டாக்டர் மனைவியின் அக்கா. வாசல் கதவுப் பக்கம், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், அந்த அக்காவின் கணவர். இவர் கண்ணாடிக் குடுவைகள் செய்யும் கம்பெனியில் பார்சல் பிரிவுக் குமாஸ்தா. இந்தப் பட்டியலை நோட்டில் எழுதியவரும் இவர்தான். 'காற்று எட்டாத' என்பதை மட்டும் எழுதாமல் மனசில் குறித்துக்கொண்டார்.

விஷயம் ஒரு படத்தைப் பற்றியது. வெளியூரில் ஒரு ஓவியர் அம்மாள், தினமும் கண்ணில் படுகிற, ஆனால் யாரும் நின்று பார்க்காத குறிகளைச் செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விட்டு, அந்தக் கீறலுக்குள் மையைத் திணித்து, ஈரத் தாளில் அழுத்தி எடுப்பார். எட்சிங் என்று பெயர். லிஃப்டின் முக்கோணம், மருந்துக்கடையின் கூட்டல் குறி, சட்டைக் காலரின் உட்பக்கம் இருக்கும் இஸ்திரிப் பெட்டி, புள்ளிக் கோட்டின் மேல் நிற்கும் கத்தரிக்கோல், இப்படி ஐந்து வருடத்தில் ஒன்பது வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து பிரதிதான். கீழ் ஓரத்தில் பென்சிலால் 3/25, 19/25 என்று எண்ணும் கையெழுத்தும் போட்டு, சந்தாதாரர் ஒருவருக்கு எப்போதும் அதே எண்ணையே அனுப்புவார்.

டாக்டரின் எண் 3. குமாஸ்தாவின் எண் 19.

அதில்தான் எல்லாமே ஆரம்பித்தது. சந்தா அறிவிப்பை முதலில் பார்த்தவர் குமாஸ்தா. அதைக் கத்தரித்து, தேதி போட்டு, கோப்பில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது பெருமையாக எடுத்துக் காட்டினார். டாக்டர் கை கழுவியதும் போனை எடுத்து, மூன்றே நிமிடத்தில் சேர்ந்துவிட்டார். குமாஸ்தா வரைவு எழுதி, திருத்தி, நல்ல பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். அது போய்ச் சேருவதற்குள் பதினெட்டுப் பேர் முந்திவிட்டார்கள். எண் சிறிதாக இருந்தால் படம் ஒசத்தி என்று ஒன்றும் கிடையாது, அச்சிட்ட வரிசைக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இதை ஓவியரே அவருக்கு எழுதியிருந்தார். படித்தபோது புரிந்தது, சகலையைப் பார்க்கும்போதெல்லாம் மறந்துபோனது.

இப்போது பத்தாவது, கடைசித் தாள். குடை. நனையக்கூடாத பெட்டிகள் மேல் ஒட்டுகிற அந்தச் சின்னக் கறுப்புக் குடை. இருபத்தாறு வருடமாகத் தன் கையால் ஒட்டிவருகிற குறி என்று குமாஸ்தா எழுதப்போய், "அப்படியானால் கடைசிப் படம் உங்கள் குடைதான்" என்று அந்த அம்மாள் பதில் போட்டிருந்தார். அந்த வரியைக் குமாஸ்தா எத்தனை தடவை படித்தார் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். ஆனால் மழைத்துளிகளை அத்தனை மெல்லிசாகக் கீறியதில், பதினோரு தாள் எடுப்பதற்குள் தகடு தேய்ந்துவிட்டதாம். இருபத்தைந்து பேருக்குப் பதினொன்று. "உங்கள் ஊருக்கு ஒன்றுதான் தர முடியும். ஒன்பது தாள்களையும் வந்தது வந்தபடி குலையாமல் வைத்திருப்பவர் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்து, காரணத்தோடு செயலாளர் எழுதட்டும்" என்று கடிதம் வந்திருந்தது. செயலாளர் என்பது, ஊரிலிருந்த மூன்று சந்தாதாரர்களுக்கும் சேர்த்துக் கடிதம் எழுதிவந்ததற்காக, மூன்றாமவரான மருந்துக்கடைக்காரர் வைத்த பட்டப்பெயர். குமாஸ்தா அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

"என்னைக் கணக்குல சேக்காதீங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "கூட்டல் குறியை மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன். மிச்சம் எட்டுதான் இருக்கு. நான் டீக்கு வந்தேன்."

"அப்ப எனக்கும் அண்ணனுக்கும்தான் போட்டி," என்று டாக்டர் சிரித்தார். முப்பத்திரண்டு பல்லும் வரிசையாகத் தெரிந்தன. பல் டாக்டருக்குப் பல் நன்றாக இருப்பதில் என்ன அதிசயம் என்று குமாஸ்தா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அவருடைய ஒன்பது தாள்களும் மெல்லிய காகிதம் இடையிட்டுத் தட்டையான பெட்டியில் இருந்தன. வீட்டில் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். மனைவியைத் தவிர யாரும் பார்த்ததில்லை. டாக்டருடையவையோ எதிரே சுவரில், கறுப்புச் சட்டத்துக்குள், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குட்டி விளக்கோடு தொங்கின. கன்னம் வீங்கி வந்தவர்கள்கூட, "டாக்டர், உங்க ரசனையே தனி" என்று வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போவார்கள். தன் காதாலேயே அதை நாலைந்து தடவை கேட்டு, ஒவ்வொரு தடவையும் குமாஸ்தா வீடு வந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்திருக்கிறார்.

முதலில் குமாஸ்தாவின் பெட்டி திறந்தது. மருந்துக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக் குழந்தை மாதிரி வெச்சிருக்கீங்க சார். ஒரு கறை இல்லை."

பிறகு டாக்டர் முதல் சட்டத்தை இறக்கி, பின்பக்க ஆணியை நெம்பி, தாளை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தார். லிஃப்ட் முக்கோணம். மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நம்பர் எங்கே?"

"எந்த நம்பர்?"

"மூணு. கையெழுத்து எங்கே? சுத்தி இருந்த வெள்ளை எங்கே? தகடு அழுந்தின தடம்கூட இல்லையே!"

"அதுவா? சட்டத்துக்கு எடுப்பா இருக்கணும்னு ஃபிரேம் கடையில ஓரத்தை வெட்டிட்டாங்க. ஒன்பதும் அதே அளவுதான். ஏன்?"

"ஏன்னா கேக்கறீங்க! ஓரத்தை வெட்டினா அது எட்சிங்கே இல்லை டாக்டர், காலண்டர் படம். இத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படலையா?"

"நீங்க ஒருநாள் வந்திருந்தா சொல்லியிருப்பீங்க."

"எனக்குத்தான் எல்லாமே கட்டின பல்லாச்சே. இங்க எனக்கென்ன வேலை?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. குமாஸ்தா நோட்டில் குனிந்து, எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். அடிவயிற்றிலிருந்து ஏதோ குளுகுளுவென்று ஏறி வந்தது. நாலரை வருடமாகக் காத்திருந்த குளிர்ச்சி.

"கேக்காம செய்யலையே," என்றார் டாக்டர், மெதுவாக. "முதல் மூணு தாள் வந்தப்ப அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேட்டேனே. ஓரத்தை வெட்டலாமான்னு. வெள்ளையில என்ன இருக்கு, உங்க சௌகரியம் போலப் பண்ணுங்கன்னீங்க. ஞாபகம் இருக்கா அண்ணா?"

குமாஸ்தா பேனாவை மூடினார். திறந்தார். "சொல்லியிருப்பேன்," என்றார்.

"ஒன்பது தாளைப் பொட்டிக்குள்ள வெச்சுத் தாலாட்டறவருக்கு ஓரம் தெரியாமலா போச்சு?" என்று மருந்துக்கடைக்காரர் இழுத்தார்.

"சும்மா இருங்க. அத்தானுக்கு அப்ப எப்படித் தெரியும்?" என்று டாக்டரின் மனைவி பாய்ந்தாள். "எல்லாருக்கும் அப்ப புதுசுதானே."

"அதானே," என்றார் டாக்டர். "அண்ணன் பாவம், அவருக்கு மட்டும் என்ன தெரியும்? பார்சல் ஒட்டற மனுஷன். விடுங்க. குடை அண்ணனுக்குத்தான். அதுதான் நியாயம். லெட்டர்ல ஒரு வரி மட்டும் சேத்துடுங்க அண்ணா. ஓரத்தோட மதிப்பு எங்க ரெண்டு பேருக்குமே அப்ப தெரியாதுன்னு. அந்தம்மா மனசு இரங்கி எனக்கு ஒண்ணு ரெண்டு தாளாவது மாத்திக் குடுத்தாலும் குடுப்பாங்க."

கூட்டம் முடிந்தது. ஒருமனதான தீர்மானம். குமாஸ்தா பெட்டியைக் கட்டி, கையில் எடுத்துக்கொண்டு, ஜெயித்தவர் நடக்கிற நடையில் தெருமுனை வரைக்கும் வந்தார். அங்கே திரும்பியபோது, 'பாவம், அவருக்கு மட்டும் என்ன தெரியும்' என்பது அவரோடு சேர்ந்து திரும்பியது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து, வெள்ளைத் தாள், கார்பன், பேனா எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். விலாசம், தேதி, பொருள், பார்வை வரை கை தானாக ஓடியது. முதல் பத்தியும் முடிந்தது. இரண்டாவது பத்தியில், 'ஓரத்தின் மதிப்பு டாக்டருக்கும் செயலாளருக்கும் அப்போது' என்று எழுதி, பேனா நின்றது.

மனைவி எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அரைமணி நேரமா ஒரே வரியிலயே இருக்கீங்க? தெரியாதுன்னு எழுதி முடிங்க. உங்களுக்குக் குடை, அவருக்கும் ஏதோ கிடைக்கும்."

"எனக்குத் தெரியாதுன்னு நான் எழுதணுமா?"

"ஏன், தெரியுமா?"

அவர் கார்பன் தாளை நேராக நகர்த்தி வைத்தார். அவள் கையிலிருந்த தலையணை உறை பாதி மடிப்பில் நின்றது.

"இருங்க. முதல் தாள் வந்த அன்னிக்கு நான் ஓரத்துல விரல் வெச்சேன்னு வீட்டையே ரெண்டாக்கினீங்களே. கையெழுத்து இருக்கற இடம், ஓரம் போனா உயிரே போச்சுன்னு. டாக்டர் போன் பண்ணினது அதுக்கு அப்புறம்தானே?"

"அஞ்சு மாசம் அப்புறம்."

"மாசக் கணக்கு வேறயா?" அவள் உறையை அப்படியே மடியில் போட்டாள். "அன்னிக்குப் போனை வெச்சுட்டு ஒரு மாதிரி சிரிச்சீங்க. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லேன்னீங்க. இத்தனை வருஷமா என் தங்கச்சி வீட்டுச் சுவத்தைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"சிரிக்கலை," என்றார் அவர். "வெட்டினப்புறமும் அதுதான் எடுப்பா இருந்துது. என்னுது முழுசா இருந்தும் கட்டிலுக்கு அடியில கிடந்துது. வயிறு எரிஞ்சுதான் இருந்தேன்."

அவள் மடியில் கிடந்த உறையை எடுத்து உதறினாள். திட்டியிருந்தால் தேவலை. "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

குமாஸ்தா தாளைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை பாக்கி. 'தெரியாது.' அதை எழுதினால் குடை கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்துவிடும், உலகத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அந்த ஓவியர் அம்மாள் இதைப் படிப்பாரே! தகடு எப்படித் தேய்கிறது, தாள் எத்தனை ஈரமாக இருக்கவேண்டும் என்றெல்லாம் ஐந்து வருடமாக அவரோடு எழுதி எழுதித் தெரிந்துகொண்ட செயலாளர், ஓரம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் என்று நினைப்பாரே! மூன்றாம் நம்பரை மூன்று நிமிடத்தில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய மனுஷனும் தானும் ஒரே வரியில், ஒரே 'தெரியாது'வின் கீழ். கெட்டவன் என்று பெயர் வாங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. சகலைக்குச் சமமான முட்டாள் என்று பெயர் வாங்குவதை மட்டும் அவரால் தாங்கமுடியாது.

தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

'டாக்டர் தம்முடைய ஒன்பது தாள்களின் ஓரங்களையும் வெட்டியிருக்கிறார். வெட்டலாமா என்று முன்கூட்டியே என்னைக் கேட்டார். வெட்டலாம் என்று நான் சொன்னேன். ஓரத்தின் மதிப்பு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருடைய எண் என்னுடையதைவிடச் சிறியது என்பதைத் தவிர, நான் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணம் இல்லை. எனவே தாள்கள் குலைந்ததற்காக அவரைத் தள்ளிவிட வேண்டாம். குடையை யாருக்குத் தருவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கவும். அவருக்கே தருவதானால், ஓரத்தோடு சேர்த்துச் சட்டம் போடும்படி தங்கள் கைப்பட எழுதிவிடவும். நான் சொன்னால் இனி நம்பமாட்டார்.'

கடைசியில் வழக்கம்போல, 'நகல்: டாக்டர், மருந்துக்கடை' என்று எழுதினார்.

மனைவி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று முழுவதும் படித்தாள். "குடை போயிடுமே," என்றாள்.

"போகட்டும்னு எழுதலையே. அவங்க இஷ்டம்னுதானே எழுதியிருக்கேன்."

"இன்னும் ஆசை வேறயா?" என்றாள். அப்புறம் அவள் விரல் கடைசி வரிக்கு வந்தது. "நகல் எதுக்கு? அந்தம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாதா? நாளைக்கு என் தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"அஞ்சு வருஷமா எல்லா லெட்டருக்கும் நகல் போட்டிருக்கேன். இதுக்கு மட்டும் போடலைன்னா ஏன் போடலைன்னு கேப்பாங்க."

"நீங்களும் உங்க ஒழுங்கும்!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போய் உள்ளேயிருந்து மூன்று கவர்களையும் கோந்து பாட்டிலையும் கொண்டுவந்து, பட்டென்று மேஜை மேல் வைத்தாள். கோபத்திலா வேறு எதனாலா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

திங்கள் காலை கம்பெனிக்குப் போகும் வழியில் தபால் ஆபீசில் ஏறினார். நகல்கள் இரண்டையும் பெட்டியில் போட்டார். முதல் கவர் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது, இரண்டாவது சத்தம் கேட்கவில்லை. பதிவுத் தபால் ஜன்னலில் அசல் கடிதத்தை நீட்டினார். கவுன்டர் பெண் அதைத் திருப்பிப் பார்த்து, "ஒட்டினது ஒரு மூலையில வாய் திறந்திருக்கு சார்," என்றாள்.

வாங்கித் திறந்த மூலையைப் பார்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டால் தாள் வெளியே வந்துவிடும். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். குமாஸ்தா ஜன்னலோரம் இருந்த கோந்துக் கிண்ணத்தில் விரலை விட்டு, மூலை முழுவதும் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மனசுக்குள் முப்பது எண்ணிவிட்டு மறுபடி நீட்டினார். அவள் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, கவரைப் பின்னால் இருந்த பைக்குள் எறிந்தாள்.