எல்லாரும் கீழே வந்தாயிற்று

வீட்டுக்குள் யாரையும் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள் என்று மைக்கில் இந்தியில் வாசித்தபோது அச்சுதனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்தியில் அவன் தடுமாறி யாரும் பார்த்ததில்லை. தளேகாவில் வளர்ந்தவன், தடுமாறுவதெல்லாம் தமிழில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, மகர்பட்டாவை ஒட்டிய அவர்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் தீ விபத்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவனுக்குக் கொடுத்த ஆரஞ்சு நிற மேலங்கி தொப்பையின் மேல் காஸ் சிலிண்டருக்கு உறை மாட்டிய மாதிரி நின்றது.

பதவியை அவன் கேட்டு வாங்கவில்லை. மாடிப்படியில் சைக்கிளையும் ஷூ ஸ்டாண்டையும் வைத்தால், நெருப்புப் பிடிக்கிற அன்றைக்கு நாமெல்லாம் தடுக்கி விழுந்தே சாவோம் என்று வாட்ஸப் குழுவில் ஒரு நாள் எழுதினான். குறை சொன்னவன் தலையிலேயே குறையைக் கட்டுவது அங்கே எழுதாத சட்டம். செக்ரட்டரி தேஜஸ் உடனே கை கூப்புகிற பொம்மைகளாக அனுப்பி அவனைத் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளன் ஆக்கிவிட்டார். விதிகளை எழுதியதும் அச்சுதன்தான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தன.

சற்று முன்புதான் சைரன் ஊதி ஜனங்கள் படியிறங்கி வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் டீ கப். புகைக்குள் முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நகர வேண்டும் என்று தீயணைப்பு அதிகாரி சொல்ல, எல்லாரும் ரயில் விளையாட்டு மாதிரி கூவிக்கொண்டு கார்களைச் சுற்றி வந்தார்கள். பிறகு தேஜஸ் வீடு வீடாகக் கூப்பிட்டுத் தலை எண்ணினார்.

"அச்சுதன்ஜி, ஆப்கே கர் ஸே?" உங்கள் வீட்டிலிருந்து?

"சப் நீச்சே," என்றான் அச்சுதன். எல்லாரும் கீழே வந்தாயிற்று. அது வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்த வேகம் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவனுடைய அப்பா ஏழாவது மாடியில் இருந்தார்.

கோவிந்தராஜன் சர்வீஸ் முழுவதும் தளேகாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது நினைவு கலைந்துபோய், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று திடீர் திடீரென்று கிளம்பிவிடுவார். கடைசித் தடவை ஹடப்சர் ஸ்டேஷனில், தளேகாவ் வண்டி எத்தனையாவது பிளாட்பாரம் என்று ஒரு நாயிடம் மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து இரும்புக் கம்பிக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு. அவன் மனைவி அகல்யா முதலில் கூடாது என்றாள். பிறகு அவளும் பூட்டினாள். இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டாலொழிய வேறு வழியில்லை. யார் விடுவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஒருவர் எழுந்து மோர் எடுக்கப் போய்விடுவார். இன்றைக்கு அகல்யாவுக்கு விமான் நகர் ஹோட்டலில் டியூட்டி.

அடுத்த விதிக்கு அவன் போவதற்குள் எதிர் ஃபிளாட் ப்ரியம்வதா பக்கத்தில் வந்து நின்றாள். கோயம்புத்தூர்க்காரி. அவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அண்ணா, மாமா ஷூவெல்லாம் மாட்டிட்டு கதவுக்குப் பின்னாடி நிக்கறாருங்க. பூட்டைப் புடிச்சு ஆட்டிட்டே இருக்காரு."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

கேட்ட பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று தெரிந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், "இல்லீங்ணா," என்றாள்.

வயிறு சரியில்லை என்று தேஜஸிடம் சைகை காட்டி, மைக்கை அதிகாரி கையில் திணித்துவிட்டுக் கிளம்பினான். ஒத்திகைக்காக லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னவனும் அவன்தான். நேற்று அவன் தலைமையில் அகற்றிய சைக்கிள் நான்காவது மாடித் திருப்பத்தில் மறுபடி நின்றுகொண்டு அவன் முழங்காலைப் பதம் பார்த்தது.

கோவிந்தராஜன் சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டு, கம்பிக் கதவுக்குப் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை முதலில் மேலங்கியில் விழுந்தது. முகத்துக்கு ஏறவே இல்லை.

"சார், சைரன் ஊதி ரொம்ப நேரமாச்சு. யாரோ பூட்டிட்டுப் போயிட்டா. கீழ எண்ணிண்டிருப்பா. ஒரு ஆள் குறைஞ்சா எல்லாரையும் வெயில்ல நிக்க வெப்பா, சார்."

"குறையலைப்பா. எண்ணி முடிச்சாச்சு."

மூச்சிரைக்கப் பைக்குள் கை விட்டான். சாவி இல்லை. மைக் முன்னால் நிற்கப்போகிறோமே என்று கடைசி நிமிஷத்தில் பேண்ட்டை மாற்றியிருந்தான். அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் ஜாதிப் பூட்டு வேறு. பழைய பேண்ட் ஹாலைத் தாண்டி படுக்கையறைக் கதவில் தொங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"அப்பா, அந்தக் கறுப்பு பேண்ட் தொங்கறது பாருங்கோ. அதுல சாவி இருக்கு, எடுத்துண்டு வாங்கோ."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சைரன் ஊதினப்புறம் எதையும் எடுக்க உள்ள போகப்படாது, சார். நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

இரண்டாவது விதி. லிஃப்டுக்குப் பக்கத்தில் அச்சுதனே ஒட்டிய தாளில் சிவப்பு எழுத்தில் இருந்தது. கீழே டீ கப்போடு வந்த கூட்டத்தில் ஒருவர் அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

"இது வெறும் ஒத்திகைப்பா. நெருப்பே இல்ல."

"அதைக் கீழ போனப்புறம் அவா சொல்லட்டும்."

"நான் அச்சுப்பா. உங்க பிள்ளை."

மேலதிகாரியின் ஜோக்குக்குச் சிரிப்பதுபோல் அவர் அளவாகச் சிரித்தார். "அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான், சார்."

அகல்யாவுக்குப் போன் செய்தான். இன்னொரு சாவி அவளிடம்தான். கிளம்பி வந்தாலும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றாள். பிறகு, "அச்சு, அப்பா பயந்துபோயிருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்ல. அவர் நன்னா இருக்கார்."

யார் பயந்துபோயிருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கீழே மைக்கில் தேஜஸின் குரல் ஒலித்தது. ஒரு ஆள்கூட விடுபடாமல் கட்டடம் மொத்தமும் காலியானது இந்தப் பகுதியிலேயே நம் குடியிருப்பில்தான். இதற்குக் காரணமான அச்சுதன்ஜிக்கு ஒரு கைத்தட்டல். கைத்தட்டல் படிக்கட்டு வழியாக ஏழு மாடியும் ஏறி வந்தது.

அச்சுதன் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் திரும்பினான். முதுகுப்பக்கம் மேலங்கி இழுபட்டது. கம்பிகளுக்கு நடுவே இரண்டு விரல்கள் நீண்டு அதன் ஓரத்தைப் பற்றியிருந்தன.

"பிடிச்சுண்டுட்டேன், சார். போலாம்."

லிஃப்டுக்கு உயிர் வந்தது. கீழ்த்தளத்தில் பேச்சும் சிரிப்பும் உள்ளே ஏறுவது கேட்டது, கதவு மூடியது, எண்கள் ஒவ்வொன்றாக எரிந்து மேலே வந்தன. ஒரு அடி எடுத்துவைத்தால் துணி அந்த விரல்களிலிருந்து நழுவிவிடும். தொப்பையை எக்கிக்கொண்டு, மூச்சு விடாமல், அச்சுதன் அப்படியே நின்றான்.