துண்டுக்குள் பேசிய விலை

ஒரு தாயின் விலை நாற்பது ரூபாய். ஐம்பது கேட்டு, முப்பதில் தொடங்கிய பேரம். நடுவில் ஒரு விரல் முறியாமல் இருந்திருந்தால் நாற்பதுக்குப் படிந்திருக்கும். ஏரியூர்ப் பக்கம் அந்த வருஷம் ஒரு நல்ல உழவு மாடே அதற்கு மேல் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். ராமக்காளின் புருஷன் மாட்டு வியாபாரி. அவன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் நிலத்தை மகன்கள் ராஜப்பனும் அர்ச்சுனனும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டையும் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தாயிற்று. கிணற்றடியில் ஒன்றரை ஏக்கர் மட்டும் ராமக்காள் பேரில் இருந்தது, அவள் நகையை விற்று வாங்கியது. தாயை வைத்துக் காப்பாற்றுகிறவனுக்கே அந்த நிலம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் தாய்ப்பாசம் பொங்கி வழிந்தது. வெறும் தாயாக இருந்திருந்தால் சந்தையில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருப்பார்கள்.

ராமக்காளுக்கு அறுபதுக்கு மேல் வயது. அவள் கவலை ஒன்றுதான்: இனி அடி வாங்காமல் எங்கே படுப்பது? மூத்தவன் வீட்டில் இருந்து பார்த்தாள். குழம்பில் உப்பில்லை என்று சொன்னதற்கு முதுகில் சாட்டை விழுந்தது. இளையவன் வீட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி கோவிந்தம்மாள் அவளை மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்துப் படலைச் சாத்தினாள். காளை முட்டி விலா எலும்பு ஒன்று விட்டுப்போனது. தீர்த்தமலைக்குப் போகிற வழியில் ஒரு சத்திரம். விசாரித்தாள். யாத்திரைக்காரர் என்றால் மூன்று நாள் தங்கலாம், அதற்கு மேல் தங்குவதென்றால் சாமியாகத்தான் வரவேண்டும் என்றார்கள். கடைசியில், பாதிரிமார் நடத்தும் முதியோர் விடுதி ஒன்றில் சமைத்துக்கொண்டிருந்த ரோசம்மாளைப் போய்க் கேட்டாள். கட்டில் உண்டு, கஞ்சி உண்டு, யாரும் கை ஓங்கமாட்டார்கள் என்றாள் ரோசம்மாள். ஆனால் நாதியற்றவர்களுக்கு மட்டும்தானாம்.

"ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க இருக்குதுன்னு சொன்னனுங்க, அதாங்க தப்பாப் போச்சு," என்று ராமக்காள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் விலா வலித்தது.

மகன்கள் மாட்டுத் தரகன் மாரியப்பனை வரவழைத்தார்கள். மூத்தவன் தாயையும் நிலத்தையும் எடுத்துக்கொள்வது. இளையவன் விலகிக்கொள்ள என்ன வாங்குவது? இதுதான் பேரம். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கையை மூடித் துண்டைப் போட்டு, அதன் அடியில் விரலைப் பிடித்துச் சொல்வது வழக்கம். விரலுக்குப் பத்து ரூபாய். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. முகம் கோணினவன் தோற்றவன். தாயின் விலையையும் அப்படியே பேசிக்கொள்ள இருவரும் ஒப்பினார்கள். வாய்விட்டுப் பேசினால் மானம் போய்விடுமாம்.

கொட்டகைத் தூணில் ராமக்காள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டைக் கேட்டா விற்கிறார்கள்?

துண்டுக்கடியில் ராஜப்பன் மூன்று விரல் பிடித்தான். அர்ச்சுனன் ஐந்தையும் கொடுத்தான். ராஜப்பன் நான்குக்கு வந்தான். அர்ச்சுனன் ஐந்தாவதான சுண்டு விரலை மடக்காமல் நீட்டியபடியே இருந்தான். ராஜப்பன் அதைப் பிடித்துப் புறங்கைப் பக்கமாக வளைக்கத் தொடங்கினான். துண்டுக்கு மேலே இரண்டு முகமும் கல்யாண வீட்டுக்கு வந்தவை போல இருந்தன. அர்ச்சுனன் நெற்றியில் மட்டும் வேர்வை. அவன் சிரித்த முகத்தோடு அண்ணனின் உள்ளங்கையில் நகத்தை இறக்கினான். துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு தோன்றி, அகலமாகிக்கொண்டே போனது. பேரம் இழுக்க இழுக்க மாரியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி அழுத்தமான ஆட்களை எந்தச் சந்தையிலும் தான் பார்த்ததில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது காய்ந்த துவரங்குச்சி ஒடிந்தது போல ஒரு சத்தம் கேட்டது.

அர்ச்சுனன் கத்தவில்லை. மாட்டுக் கொம்பு சீவும் கத்தியை இடது கையால் எடுத்து வீசினான். ராஜப்பனின் காது அறுந்து தொங்கியது. ராஜப்பன் வண்டி ஓரத்தில் செருகியிருந்த முளைக்குச்சியை உருவித் தம்பியின் தோளில் இறக்கினான். இருவரும் சாணியிலும் மூத்திரத்திலும் உருண்டார்கள். விலக்கப்போன மாரியப்பனின் தொடையைக் கத்தி கீறியது. காளைகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ராமக்காள் எழுந்து நடுவில் புகுந்தாள். முளைக்குச்சி அவள் வாயில் விழுந்தது. அந்த நேரத்தில் குச்சி யார் கையில் இருந்தது என்று பின்னால் கேட்டவர்களுக்கு, அண்ணன் தம்பியைக் காட்டினான், தம்பி அண்ணனைக் காட்டினான்.

அவள் இரண்டு பல்லைத் துப்பிவிட்டுக் குச்சியைப் பிடுங்கினாள். வாழ்நாளெல்லாம் முரட்டு மாடுகளோடு புழங்கியவள். எங்கே அடித்தால் படுக்கும் என்று தெரியும். மூத்தவன் முழங்காலில் ஒன்று போட்டாள். இளையவன் முழங்காலில் ஒன்று. இரண்டும் படுத்தன.

பிறகு ரத்தத் துண்டை எடுத்து உதறி, மாரியப்பன் முன்னால் உட்கார்ந்து, தன் கைமேல் போட்டுக்கொண்டாள்.

"கைய உள்ள வுடு, மாரியப்பா."

"இப்ப யார விக்கறதுங்க, அக்கா?"

"அர ஏக்கரு. மேக்கு ஓரம். நீயே எடுத்துக்க. அந்தக் காசுல, மிச்ச நெலத்துல நானே ஒரு வூடு கட்டிக்கறேன்."

தொடையில் ரத்தம் ஒழுக ஒழுக மாரியப்பன் விரல் பிடித்தான். அவள் உதறினாள். மறுபடி பிடித்தான், மறுபடி உதறினாள். அடுத்த முறை விடவில்லை. என்ன விலை படிந்தது என்று இருவர் முகத்திலும் தெரியவில்லை.

தரையில் கிடந்த ராஜப்பன் காதைப் பொத்திக்கொண்டு, தனியாக இருந்தால் கஞ்சி ஊற்ற யார் இருக்கிறார்கள் என்று முனகினான். அறுப்பு வேலைக்கு வரும் கருப்பி என்ற கைம்பெண்ணிடம் ராமக்காள் முன்பே பேசி வைத்திருந்தாள்.

"கருப்பி வந்து எங்கூட இருப்பா. வெளையறத ரெண்டு பேரும் திம்போம். அவ இதுவரைக்கும் என்னைய அடிச்சதில்ல."

ஆடி பிறப்பதற்குள் கிணற்றடியில் சுவர் எழும்பிக் கூரையும் வேய்ந்தாயிற்று. ஒருநாள் மகன்கள் இருவரும் நொண்டிக்கொண்டு சேர்ந்தே வந்தார்கள். பாகம் பிரித்த பிறகு அவர்களுக்குள் வந்த முதல் ஒற்றுமை அது. முழங்காலுக்குக் கட்டுப்போட்ட செலவை அவள்தான் தரவேண்டுமாம். ராமக்காள் வாசலை மறித்து நின்றபடியே கணக்குச் சொன்னாள்.

"பெரியவனுக்கு ஒரு காது, சின்னவனுக்கு ஒரு வெரலு. அது உங்களுக்குள்ள, நேராப் போச்சு. நான் குடுத்தது முட்டி ஆளுக்கு ஒண்ணு. நீங்க குடுத்தது வெலா ஒண்ணு, பல்லு ரெண்டு, முதுகுல ஒரு சாட்ட. அதுக்கும் இதுக்கும் கழிச்சுக்கலாம். வயித்துல ஆளுக்குப் பத்து மாசம் குடியிருந்தீங்களே, அந்த வாடக மட்டும் நிக்குது."