நடுவில் துளையில்லாத மண்டையோடு

தவளைகளின் முன்னோரான, எப்போதோ அழிந்துபோன விலங்கொன்றின் பிளாஸ்டர் மண்டையோட்டு அச்சு 1967 பொங்கல் சமயத்தில் அருப்புக்கோட்டைக்குப் பார்சலில் வந்தது. பேராசிரியர் சௌந்தரபாண்டியன் அதைத் தன்னிடமிருந்த பழைய அச்சோடு ஒப்பிட்டார். பழையதில் கண்குழிகளுக்கு நடுவே சிறு துளை இருந்தது, புதியதில் இல்லை. புது இனம் என்று கட்டுரை எழுதி, தபாலில் சேர்க்கக் கிளம்பினார்.

“நடுவுல ஓட்டை இல்ல பாரு. அதான் கண்டுபிடிப்பு,” என்றார் மனைவி கோகிலாம்பாளிடம்.

“இருந்துச்சேங்க! பார்சலப் பிரிச்சதே நாந்தான. பஸ்ஸுல உடஞ்சிருச்சுன்னு, வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சத்த வச்சு அடச்சேன்.”

பேராசிரியர் அவள் கொண்டை ஊசியை வாங்கி அந்த இடத்தைச் சுரண்டினார். துளை திறந்தது.

“வேற எதையும் அடச்சியா?”

“மூக்க விட்டுட்டேன். மூச்சு விடணும்ல.”

அவர் உறையிலிருந்த தபால்தலையைக் கிழியாமல் பிரித்தெடுத்தார். கட்டுரையைக் கிழித்துப் போட்டார்.