நீல ஓரம்

ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் மிக்தாலியா மேசைமேல் வைத்தாள். ஓட்டல் மேலாளர் டோரின் அவற்றைத் தொடக்கூட இல்லை.

"இதெல்லாம் சரி. கிரீன் கார்டு எங்க?"

"இல்ல மேடம்."

"அப்ப எப்படி வேலைக்கு எடுக்கறது?"

"நான் போர்ட்டோ ரிக்கோக்காரி. எங்க தீவும் அமெரிக்காவச் சேர்ந்ததுதான். பொறந்ததிலிருந்தே அமெரிக்க சிட்டிசன். சிட்டிசனுக்கு ஏது கிரீன் கார்டு?"

டோரின் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் எரிந்தது. "சரிம்மா, பாஸ்போர்ட்டாவது காட்டு. உன் பேச்சக் கேட்டா சிட்டிசன் மாதிரித் தெரியலையே."

பாஸ்போர்ட் மடியிலிருந்த பையில்தான் இருந்தது. காலையில் கணவன் எஃப்ராயின் தன் கையால் வைத்தது. "கேட்டா நீட்டிடு. வீம்பு பண்ணாத," என்று சொல்லியே காரில் கூட்டி வந்திருந்தான். அவனுக்குப் பகல் வேலை, இவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. தீவிலிருந்து புளோரிடாவின் கிஸ்ஸிமிக்கு வந்ததிலிருந்து ஒருவர் எழுந்த சூட்டில்தான் மற்றவர் படுக்கிறார். இந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் பகல் வேலை. கிடைத்தால் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடலாம். சண்டையைக்கூட நேருக்கு நேர் போடலாம்.

விரல் ஜிப்பைத் திறந்துவிட்டது. பின்னால் யாரோ செருமினார்கள். வாசல் நாற்காலியில் அன்செல்மோ, அவள் தீவுக்காரர், அவரும் இன்று சேர வந்தவர். கையில் இவளுடையதைப் போலவே இரண்டு அட்டைகள். "பாஸ்போர்ட்டா? அத நான் எங்க கண்டேன்?" என்று சற்று முன்புதான் சிரித்திருந்தார். இவள் காட்டினால் அடுத்து அவரிடமும் அதைத்தான் கேட்பார்கள்.

மிக்தாலியா கையை வெளியே எடுத்தாள், வெறுங்கையாக.

"எதக் காட்டணும்னு நான்தான் முடிவு பண்ணணும் மேடம். வேலைக்குச் சேர்க்க நீங்க நிரப்பற அரசாங்கத் தாள்லயே போட்டிருக்கு. இந்த ரெண்டும் போதும்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதான் போகாம நிக்கறேன்."

டோரின் தாளைப் புரட்டிப் பார்த்தாள். முகம் சிவந்தது. "தலைமை அலுவலகத்தக் கேக்கறேன். எப்ப பதில் வரும்னு தெரியாது."

"இருக்கேன்."

போய் அன்செல்மோ பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கிசுகிசுத்தார்: "உன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கில்ல?"

"இருக்கு."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. தள்ளி உக்காருங்க, பைத்தியத்துக்கு இடம் வேணும்."

காரில் காத்திருந்து சலித்த எஃப்ராயின் உள்ளே வந்தான். "காட்டினியா?"

"இல்ல."

அவன் அவளைப் பார்த்தான். அன்செல்மோவின் விரல்களுக்கிடையே இருந்த இரண்டு அட்டைகளைப் பார்த்தான். பெருமூச்சு விட்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டான். திறந்திருந்த பையின் வாயில் பாஸ்போர்ட்டின் நீல ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே டோரின் தொலைபேசியில் பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிக்தாலியா!" இவள் இருந்த இடத்திலிருந்தே உரக்கத் திருத்தினாள்.

எஃப்ராயின் நீல ஓரத்தை உள்ளே தள்ளி, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினான்.