பெட்டியும் சன்னலும்

2024 ஜூன் 3ஆம் தேதி, ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீனில் ஜப்பானிய மொழி வகுப்பு தொடங்கியது.

மூன்று மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள். முதலாமவர் இலக்கண விதிகளைத் தமிழில் எழுதிப்போட்டார். இரண்டாமவர் தான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லவைத்தார். மூன்றாமவர் தமிழே பேசாமல், "எழுந்திரு", "பெட்டியை எடு" என்று ஜப்பானிய மொழியில் கட்டளையிட்டுச் செய்யவைத்தார்.

ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பான் போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அசெம்பிளி லைனில் வேலை பார்த்த ஜோஸ்லின் அதற்காகக் கூடுதல் சம்பளம் தரும் ஓ.டி.யைக்கூட விட்டுவிட்டுப் படித்தாள்.

நேர்காணலில் ஜப்பானிய அதிகாரி, "உங்கள் பெயர் என்ன?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்.

"உங்கள் பெயர் என்ன?" என்றாள் ஜோஸ்லின், பழக்கதோஷத்தில்.

அவர் மரியாதையாகத் தன் பெயரைச் சொன்னார். அதையும் திருப்பிச் சொன்னாள். பிறகு, "அந்தப் பெட்டியைச் சன்னலருகே வையுங்கள்" என்றார். அதையும் முழுதாகச் சொல்லிவிட்டு, எழுந்து போய் வைத்தாள்.

வெளியே தோழி பூர்ணிமா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இன்னாடி, அவருக்கே இன்டர்வியூ வெச்சிட்டு வந்துகீற?"

"சும்மா இருடி. எல்லாம் போச்சு."

அதிகாரி எழுதிய குறிப்பு: "உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பிறகே வேலையைத் தொடங்குகிறார். எங்கள் ஆலையின் முதல் விதி இது. மற்ற பதினோரு பேரும் இதைச் செய்யவில்லை."

செப்டம்பர் 16ஆம் தேதி ஜோஸ்லின் நகோயாவுக்குப் புறப்பட்டாள். அவளுடைய பெயரை அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.